திண்ணையில் ஒரு சரித்திரப் பாடம்
ஆயக்குடிப் பெற்றோருக்கு ஓர் யோசனை

சரித்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் இரண்டு விதமான அபிப்பிராயங்கள் எழுகின்றன. பரீட்சைக்காக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிட வேண்டிய சங்கதி என்பது ஒன்று. மேடையில் ஏறி, உலகத்து ஜனங்களுக்கெல்லாம் நாமே மூத்தவர் என்று முழங்குவதற்கு உதவும் முரசு என்பது மற்றொன்று. இவ்விரண்டும் கல்வியாகா. முன்னதில் குழந்தைக்கு விருப்பம் இல்லை. பின்னதில் தகப்பனாருக்கு விசாரணை இல்லை. பழைய நாகரிகம் ஒன்றைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்க விரும்புவோர் இந்த இரண்டு பள்ளங்களிலும் விழாமல் நடப்பதற்கு வழி உண்டா என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர் நம் நாட்டில் மிகச் சிலரே. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கிற்று. வீட்டுக் கல்வியைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. அவ்வாறு கற்ற பிள்ளைகள் 14 வயது நிரம்பியபின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வாயிலாகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுவதற்கு இடமிருக்கிறது. ஆனால் நாம் இங்கே பேசுவது அந்தச் சிலருக்காக மட்டும் அன்று. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கும் மாலைப் பொழுது உண்டு. கோடை விடுமுறை உண்டு. 2020 மார்ச்சில் பள்ளிகளெல்லாம் மூடுண்டபோது ஒவ்வொரு வீடும் பள்ளிக்கூடமாக வேண்டியதாயிற்று. எத்தனை வீடுகள் அதற்கு ஆயத்தமாக இருந்தன? இழந்த படிப்பை ஈடுசெய்வதற்காக 2021 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்ற ஏற்பாட்டைத் தொடங்க நேர்ந்ததே அக்கேள்விக்கு விடையாகும்.

வீட்டிலிருந்து சரித்திரம் கற்பித்தவருள் மிகப் பெரிய உதாரணம் ஜவாஹர்லால் நேருவே. 1928-ஆம் வருஷத்துக் கோடையில் தாம் அலகாபாத்திலும், பத்து வயது மகள் இந்திரா முசூரி மலையிலும் இருந்த காலத்தில், உலகம் தோன்றிய கதையையும் ஆதி நாகரிகங்களின் கதையையும் அவர் கடிதங்களாக எழுதினார். பிறகு 1930 முதல் 1933 வரை, பெரும்பாலும் சிறையிலிருந்தபடியே, உலக சரித்திரம் முழுவதையும் அவ்வாறே எழுதி முடித்தார். அவர் எந்த ராஜாவின் பெயரைக் கொண்டும் தொடங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆற்றங்கரையில் கிடக்கும் கூழாங்கல்லைக் கையில் எடுத்து, இது ஏன் உருண்டையாயிற்று என்று கேட்கும்படி மகளுக்குக் கற்பித்தார். கண்ணெதிரே கிடக்கும் பொருளைச் சாட்சியாக வைத்து விசாரிப்பது என்ற அந்த முறையைத்தான் நாமும் சிபாரிசு செய்கிறோம்.

எந்த நாகரிகம்?

எகிப்தின் கூர்நுனிக் கோபுரங்களையும் பாபிலோனின் களிமண் ஏடுகளையும் பற்றிப் பாடம் வகுக்கப் புத்தகங்கள் ஏராளம். அவற்றை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஆயக்குடியில் வாழும் ஒரு குழந்தைக்கு நைல் நதியைவிடச் சண்முகநதி அருகில் இருக்கிறது. பழனிக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில், மலையடிவாரத்தில், கொய்யாத் தோப்புகளுக்கு நடுவே அமைந்த ஊர் ஆயக்குடி. முன்னாளில் பாளையமாகவும் பின்னர் ஜமீனாகவும் இருந்தது. இன்று சர்க்கார் உத்தியோகப் பரீட்சைகளுக்கான இலவசப் பயிற்சியால் தமிழ்நாடு முழுதும் பெயர் பெற்றிருக்கிறது. அப்பரீட்சைகளுக்காக வாலிபர்கள் மனப்பாடம் செய்யும் வருஷக் கணக்குகளில் சிலவற்றுக்கு மூலஸ்தானம் அவ்வூரிலிருந்து ஒரு காலைப் பயணத்தில் சென்று திரும்பும் தூரத்திலேயே இருக்கிறது என்பதை அவர்களுள் எத்தனைபேர் அறிவார்கள்?

பழனிக்குத் தென்மேற்கே சுமார் 12 கிலோமீட்டரில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பொருந்தல் என்னும் கிராமம் இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010 ஆகிய வருஷங்களில் அங்கே அகழாய்வு நடத்தினார். பழைய குடியிருப்பு மேட்டில் கண்ணாடி மணிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அவற்றைச் செய்வதற்கான உலையும் வெளிப்பட்டது. பக்கத்திலுள்ள ஈமக்காட்டில், கற்பலகைகளால் அமைந்த சவக்குழி ஒன்றினுள், நான்கு கால்களையுடைய ஜாடியில் சுமார் இரண்டு கிலோ நெல் இருந்தது. பானையைத் தாங்கும் பிரிமணை ஒன்றில் 'வ-ய்-ர' என்னும் எழுத்துக்கள் தமிழ் பிராமியில் கீறப்பட்டிருந்தன. அந்த நெல்லை அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றிற்கு அனுப்பிக் கணித்ததில் கி.மு. 490 என்ற காலம் கிடைத்தது.

தமிழ் எழுத்தின் வயதைப் பற்றிய விவாதம் முழுவதும் இந்த ஒரு குழிக்குள் அடங்கிக் கிடக்கிறது. ஒரு குழந்தைக்குப் பாடம் வகுப்பதற்கு இதைவிட நல்ல இடம் வேறு எங்கே கிடைக்கும்?

ஆறு வாரத் திட்டம்

வாரத்துக்கு இரண்டு மாலைகள் போதும். பத்து முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து இத்திட்டத்தை வகுத்திருக்கிறோம்.

முதல் வாரம் நிலத்தைப் பற்றியது. மலையிலிருந்து இறங்கும் நீர் எங்கே செல்கிறது என்று பிள்ளை தன் கையாலேயே படம் வரையட்டும். வரதமாநதியும் பொருந்தலாறும் சண்முகநதியைச் சேர்கின்றன; சண்முகநதி அமராவதியில் விழுகிறது; அமராவதி காவேரியில் கலக்கிறது. நீர் இருக்கும் இடத்தில் நெல் உண்டு; நெல் இருக்கும் இடத்தில் ஊர் உண்டு; மலைக்கும் சமவெளிக்கும் நடுவேயுள்ள ஊரில் வியாபாரம் உண்டு. பொருந்தலில் ஏன் ஜனங்கள் குடியேறினார்கள் என்பதைப் பிள்ளை யாரும் சொல்லாமலே கண்டுகொள்ளும்.

இரண்டாம் வாரம் ஈமக்குழி. இறந்தவரோடு நெல்லை ஏன் வைத்தார்கள்? மணிகளை ஏன் வைத்தார்கள்? நம் வீட்டுச் சாவுச் சடங்கில் இன்றும் வாய்க்கரிசி இடுகிறோமே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? உண்டு என்று அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை. கேள்வியைக் கேட்பதற்கோ தடை இல்லை. இந்த வித்தியாசத்தைப் பிள்ளை உணர்ந்துவிட்டால் அந்த வாரத்துப் பாடம் முடிந்தது. பழனி மலைகளின் மேலுள்ள கல்திட்டைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லலாம். ஆங்லேட், நியூட்டன் என்னும் இரண்டு பாதிரிமார்கள் அவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்பொருள் இலாகா 1928-இல் வெளியிட்டது. தாண்டிக்குடியிலும் பேராசிரியர் ராஜன் அகழாய்வு நடத்தியிருக்கிறார். கொடைக்கானலுக்கு அருகே செண்பகனூரில் 1895-இல் ஏற்பட்ட காட்சிசாலை இருக்கிறது. ஒருநாள் பயணத்திற்கு உகந்த இடம்.

மூன்றாம் வாரம் நெல்லின் வயது. இதுவே திட்டத்தின் உயிர்நாடி. ஆதலால் சற்று விரித்துச் சொல்கிறோம். உயிருள்ள எதுவும் காற்றிலிருந்து ஒருவகைக் கரியணுவை ஏற்றுக்கொண்டே இருக்கிறது. உயிர் போனதும் வரவு நின்று, செலவு மட்டும் நடக்கிறது. 5,730 வருஷத்தில் அந்த அணுக்களில் பாதி அழிந்துபோகும். எஞ்சியதில் பாதி அடுத்த 5,730 வருஷத்தில் அழியும். 64 நெல்மணிகளைத் தாம்பாளத்தில் கொட்டி, 32, 16, 8 என்று பாதிபாதியாக எடுத்துக் காட்டினால் எட்டு வயதுக் குழந்தைக்கும் விளங்கும். பொருந்தல் நெல்லில் அந்த அணுக்கள் நான்கில் ஏறக்குறைய மூன்று பங்கு இன்னும் மிஞ்சியிருக்கும் என்பதைப் பெரிய பிள்ளைகள் கணக்கிட்டே காணலாம்.

நெல்லைக் கொண்டு எழுத்தின் வயதை எப்படிச் சொல்வது? இரண்டும் மூடிய ஒரே குழிக்குள் இருந்தன. பழைய மரத்தின் கரியாயிருந்தால், மரம் பல தலைமுறைகளுக்கு முன்பே வெட்டப்பட்டது என்று ஆட்சேபிக்கலாம். நெல்லோ ஒரு போகத்தில் விளைந்து, சில வருஷங்களுக்குள் செலவாகும் பொருள். ஆதலால் நெல்லுக்கும் குழிக்கும் இடையே அதிக காலம் இராது. ஒரு சாட்சியிலிருந்து முடிவுக்குச் செல்லும் படிகளை இவ்வாறு ஒவ்வொன்றாக எண்ணிக் காட்ட வேண்டும்.

எதிர்க் கட்சியையும் மறைக்கலாகாது. ஓரிரு அளவீடுகளைக் கொண்டு பெரிய முடிவுக்கு வரலாகாது என்று கல்வெட்டறிஞர் சிலர் எச்சரித்தனர். மேலும் கி.மு. 800 முதல் 400 வரையுள்ள நாலு நூற்றாண்டுகளில் காற்றிலிருந்த அந்தக் கரியணுவின் அளவு மாறிய விதத்தால், அக்காலத்துப் பொருள்கள் ஏறக்குறைய ஒரே அளவீட்டையே தருகின்றன. எனவே '490' என்பது ஜாதகத்தில் குறித்த பிறந்த நாள் போன்றதன்று. அதன் இருபுறமும் நீண்ட இடைவெளி உண்டு. 'சுமார்' என்ற சொல்லைச் சேர்த்துச் சொல்லப் பிள்ளை பழகட்டும். அந்தச் சொல் பெருமையைக் குறைப்பதில்லை; பெருமைக்கு ஜாமீன் கொடுக்கிறது.

நான்காம் வாரம் எழுத்து. ஜேம்ஸ் பிரின்ஸெப் 1837-இல் பிராமியை வாசிக்கும் வழியைக் கண்டார். தென்னாட்டுக் குகைகளில் உள்ள எழுத்துக்களின் பாஷை தமிழே என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் எடுத்துக்காட்டினார். அதே 1924-இல், செப்டம்பர் 20-ஆம் தேதி, சிந்து வெளி நாகரிகத்தைப் பற்றி ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்தார் என்பதையும் உடன் சொல்லலாம். உடைந்த மண்சட்டித் துண்டையும் ஆணியையும் பிள்ளை கையில் கொடுங்கள். 'க' கூட்டல் குறி போலிருக்கும். 'ர' ஒரு நேர்கோடு. 'வ' வட்டத்தின் தலையில் நிற்கும் கோடு. தன் பெயரை ஓட்டில் கீறிப் பார்க்கும் பிள்ளைக்கு, எழுத்து கற்றவர் கை எத்தகையது என்பது அனுபவமாகவே தெரிந்துவிடும். 'வய்ர' என்பது வடசொல்லாகிய வஜ்ரத்திலிருந்து பிராகிருதத்தின் வழியே வந்த வடிவமா, தமிழில் வழங்கிய பெயரா என்ற விவாதத்தையும் சொல்லுங்கள். பாஷைகள் கொண்டும் கொடுத்தும் வளர்வன என்பதைத் தமிழ்ப் பற்றுள்ள வீட்டில்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் வாரம் மணியும் வாணிபமும். அக்காலத்தில் தமிழகத்தில் வழங்கிய சூதுபவள மணிக்குரிய கல் குஜராத்திலிருந்து வந்தது. நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் மணி அறுக்கும் தொழிலும் இரும்புத் தொழிலும் நடந்தன. கொங்கு நாட்டில் ரோமாபுரிக் காசுகள் கிடைத்திருக்கின்றன. இவற்றுக்கு நடுவே பொருந்தலின் உலையை வைத்துப் பாருங்கள். மணியை அணிந்தவர் குழியில் இருக்கிறார்; உலைமுன் நின்று வெந்தவர் எங்கே? இந்தக் கேள்வியைக் கேட்காத நாகரிகப் பாடம் பாதிப் பாடமே.

இதே வாரத்தில் வீட்டுச் சமையலறையையும் விசாரிக்கலாம். பழனிப் பஞ்சாமிர்தத்தில் மலை வாழைப்பழம் இருக்கிறது. மேற்காசிய நாடுகளிலிருந்து வரும் பேரீச்சம்பழமும் இருக்கிறது. ஆயக்குடிக்குப் பெயர் தந்த கொய்யாவின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். போர்த்துக்கீசியர் கடல் கடந்து வந்த பிறகே அது நம் நாட்டுக்கு வந்தது. மிளகாயும் அவ்வாறே. ஆகையால் பொருந்தல் வாசிகள் கொய்யாவைக் கண்டதில்லை, மிளகாயைச் சுவைத்ததில்லை. பழங்காலம் என்பது இன்றைய ஊரிலிருந்து மின்சார விளக்கை மட்டும் நீக்கிய ஊரன்று என்பது பிள்ளைக்கு அப்போதுதான் புலனாகும்.

ஆறாம் வாரம் பாட்டு. பழனியின் பழம்பெயர் பொதினி என்று அகநானூற்றால் அறிகிறோம். அந்நாட்டுத் தலைவன் ஆவியர் கோமான் பேகன், கடையெழு வள்ளல்களில் ஒருவன். மயிலுக்குப் போர்வை அளித்தவன் என்று எல்லாப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் அவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வாழ்ந்தான் என்பதையும், கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய புலவர்கள் அவன்முன் நின்று, அவளிடம் திரும்பிச் செல் என்று பாடினார்கள் என்பதையும் புறநானூறு பதிந்துவைத்திருக்கிறது. பரிசில் பெற வந்த புலவர் பரிசிலை வேண்டாமல் நியாயத்தை வேண்டினார்! மயிலின் கதையோடு இந்தக் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள். வள்ளலையும் கண்டிக்கும் உரிமை அன்றைய புலவனுக்கு இருந்தது என்பதைவிடப் பெருமைக்குரிய செய்தி வேறு ஏது? பாட்டு எதைச் சொல்கிறது, குழி எதைச் சொல்கிறது, எதை இரண்டுமே சொல்லவில்லை என்று பிரித்துப் பார்ப்பது இந்த வாரத்துப் பயிற்சி.

முடிவில் மதிப்பெண் வேண்டாம். நமக்குத் தெரிந்தவை மூன்று, தெரியாதவை மூன்று, தெரிந்ததை எப்படித் தெரிந்துகொண்டோம் என்பது ஒன்று. இவ்வளவையும் பிள்ளை வீட்டாரின் முன் எழுந்து நின்று சொல்லட்டும். பொருந்தலில் அந்த நெல் குழிக்குள் சென்றதாகக் கருதும் காலத்தை ஒட்டியே கிரேக்க நாட்டில் மாரத்தான் போர் நிகழ்ந்தது. சீனத்தில் கன்பூசியஸ் உயிரோடிருந்தார். உலகப் படத்தில் இவற்றையும் குறிக்கச் செய்தால் எகிப்துக்கும் பாபிலோனுக்கும் செல்லும் வாயில் தானே திறந்துகொள்ளும்.

ஆட்சேபங்கள்

நாங்கள் பண்டிதர்கள் அல்லவே, எங்களால் ஆகுமா என்று சிலர் கேட்கலாம். பண்டிதராயிருக்க வேண்டிய அவசியமில்லை. 'எதைக் கண்டு சொல்கிறாய்? வேறு விதமாக இருக்கலாமா? யாரைக் கேட்டால் தெரியும்?' என்ற மூன்று கேள்விகளைக் கேட்கத் தெரிந்த தாய் எவளும் சரித்திர உபாத்தியாயினியே.

தமிழர் பெருமையை வளர்க்க வேண்டிய காலத்தில் சந்தேகத்தை வளர்ப்பானேன் என்று தேசத் தொண்டர்கள் கேட்கலாம். இவர்களுக்குச் சற்று அழுத்தமாகவே பதில் சொல்ல விரும்புகிறோம். கீழடியில் 2014-இல் மத்திய இலாகா ஆய்வைத் தொடங்கியது; 2018 முதல் மாநில இலாகா தொடர்ந்தது; 2019-இல் வெளியான அறிக்கை அங்கே கிடைத்த பொருள்களை கி.மு. ஆறாம் நூற்றாண்டுவரை கொண்டுசென்றது. அச்செய்தி நாட்டில் எழுப்பிய உற்சாகத்தை நாம் அறிவோம். ஆனால் அந்த உற்சாகத்தில் எத்தனைபேர் அறிக்கையைப் புரட்டிப் பார்த்தார்கள்? ஆதாரம் அறியாமல் பெருமை பேசுகிறவனை, ஆதாரம் கேட்கும் எதிரி ஒருவன் ஒரே கேள்வியில் வாயடைத்துவிடுவான். நெல்லின் கணக்கை அறிந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியை அவ்வளவு சுலபமாக வாயடைக்க முடியாது. நம் கட்சிக்கு எத்தகைய சாட்சிகள் வேண்டும்?

திண்ணையை அடைக்கலாகாது

இன்னொரு விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். அத்திண்ணைகளில் பெரும்பாலானவற்றில் தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்கு இடம் இருந்ததில்லை. பெண் குழந்தைகளுக்கும் அரிதாகவே இருந்தது. இன்று வசதியுள்ளவர்கள் தம் பிள்ளைகளை மட்டும் வீட்டுக்குள் வைத்துக் கற்பிக்கத் தொடங்கினால், அந்தப் பழைய மதில் புதிய பெயரோடு மீண்டும் எழும்பிவிடக் கூடும். பொது மண்ணில் கிடைத்த நாகரிகத்தை மூடிய அறைக்குள் கற்பிப்பது பொருத்தமாகாது. ஆதலால் இந்த ஆறு வாரமும் தெருப் பிள்ளைகள் அனைவரையும் சேர்த்தே நடத்த வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். தோப்பில் வேலை செய்பவரின் மகனும், தோப்புக்குச் சொந்தக்காரரின் மகளும் ஒரே தாம்பாளத்து நெல்லை எண்ணட்டும். மண்பாண்டம் வனையும் பெரியவர் ஒருவரை ஒருநாள் அழைத்துப் பானையைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். பானை ஓட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதி நம் புத்தகங்களில் இராது. அவரை உபாத்தியாயராக உட்காரவைத்து, பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லும் அந்த ஒரு மாலை, சமத்துவத்தைப் பற்றிய பத்துப் பிரசங்கங்களுக்கு மேலானது.

நம் கடமை

மலைமேலும் அடிவாரத்திலும் உள்ள பழஞ்சின்னங்கள் காவலுள்ள மாளிகைகள் அல்ல. கல்திட்டையின் பலகையை எடுத்து வேலிக்கு நிறுத்துகிறவர்களும், புதையல் ஆசையால் குழியைக் கிளறுகிறவர்களும், மேட்டை உழுது சமனாக்குகிறவர்களும் துரோகிகள் அல்லர். அது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவே. கிளறிய குழியில் நெல்லும் எழுத்தும் சேர்ந்து கிடந்தாலும், ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சி சொல்ல முடியாது. ஆகவே பிள்ளைகளுக்கு முதல் நாளே ஒரு விதி சொல்லுங்கள்: பார்க்கலாம், வரையலாம், எழுதி வைக்கலாம், தோண்டலாகாது, எடுத்து வரலாகாது. மண்ணில் புதைந்திருந்த விலைமதிப்புள்ள பொருள் எதையேனும் கண்டால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டமே சொல்கிறது.

சட்டம் காக்காத இடத்தை அறிவு காக்கும். ஓர் ஊரில் இருபது பிள்ளைகள் தங்கள் மேட்டின் அருமையை அறிந்துவிட்டால், அந்த மேட்டின்மேல் ஏர் செல்வதற்கு முன் இருபது வீடுகளில் கேள்வி எழும். தொண்டர்களே! கூட்டங்களில் பழமை பேசும் நேரத்தில் ஒரு பகுதியை இதற்குக் கொடுங்கள். வரும் கோடை விடுமுறையில் ஆயக்குடியில் ஒரு திண்ணை, ஒரு தாம்பாளம், ஒரு படி நெல், சில ஓடுகள். செலவு இவ்வளவே. மற்றவற்றைப் பிள்ளைகளின் கேள்விகள் கவனித்துக்கொள்ளும்.